பல்கலைக்கழகக் காற்பந்துக் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகம். 1997 முதல் 2000 வரை அதன் காற்பந்துக் குழுவில் ஆடிய பதினெட்டுப் பேர். அவர்களில் ஏழு பேர் தமிழ்ப் பிள்ளைகள். நான் எழுதிவரும் தொடர்கதை இவ்வளவுதான். இருபத்தாறு அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. கடிதம் எழுதுகிறவர்களும் கல்யாண வீட்டில் கையைப் பிடித்து நிறுத்துகிறவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கதையைப் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஒளித்து வைக்கும்படியான திருப்பம் எதுவும் அதில் இல்லை.

இது உண்மைக் கதையா? அந்தப் பல்கலைக்கழகம் எது?

ஆட்கள் கற்பனை. மழை, சேறு, பஸ், பசி நான்கும் உண்மை. பல்கலைக்கழகத்தைப் பற்றி வாசகர்களே ஆளுக்கொரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். லெம்பா பந்தாய் என்கிறார்கள் சிலர், செர்டாங் என்கிறார்கள் சிலர். பாங்கிதான் என்று ஒருவர் விடுதியின் வரைபடமே போட்டு அனுப்பினார். அவர் வரைந்த படிக்கட்டு என் கதையில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. அடுத்த அத்தியாயத்தில் அதை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் காற்பந்து ஆடியவரா?

இல்லை. பந்து என் பக்கம் உருண்டு வந்தால் இன்றும் ஒதுங்கித்தான் நிற்பேன்.

விடுதியில் அடுத்த ஆண்டும் அறை வேண்டுமானால் ஏதாவது ஒரு நடவடிக்கையில் சேர்ந்து புள்ளி சேர்க்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. எனக்கு நடனம் வராது, விவாத மேடை என்றால் பயம். விளையாட்டுக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. என்ன வேலை என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். சட்டைகளுக்கு நீதான் பொறுப்பு என்று பிறகுதான் சொன்னார்கள்.

மூன்று ஆண்டுகள் அதைச் செய்தேன். ஆட்டத்துக்கு முதல் நாள் பதினெட்டுச் சட்டைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும், துவைத்துக் காயவைக்க வேண்டும், பதிவேட்டில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அபராதம் என் தலையில் விழும். அதனால் நான் கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். வயதில் மூத்தவர்கள்கூட என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள், கொஞ்சம் கேலியாக.

எங்கள் திடலின் மண் செம்மண். மழையில் ஆடிய சட்டையை அன்றிரவே அலசாமல் விட்டுவிட்டால் அந்தச் சிவப்பு பிறகு எதற்கும் போகாது. முதலில் வெறும் தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும், அதற்குப் பிறகுதான் சோப்புத்தூள். எண் ஒட்டியிருக்கும் பக்கத்தை உட்புறமாகத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் 8-இன் நடுக்கோடு உரிந்து 0 ஆகிவிடும். ஒரு முறை ஆகியும் விட்டது. புதுச் சட்டைக்குப் பணம் இல்லாததால், நடுத்திடல் ஆட்டக்காரன் ஒருவன் அந்தப் பருவம் முழுவதும் சுழியம் என்ற எண்ணோடு ஆடினான். நடுவர்கள் அவன் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது ஒரு நொடி யோசிப்பார்கள்.

சட்டை துவைக்கிறவளுக்கு ஆட்டத்தைப் பார்க்காமலே பாதி ஆட்டம் தெரிந்துவிடும். யார் சறுக்கித் தடுத்தார், யாரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், யார் ஓடாமல் ஏமாற்றினார், எல்லாம் வாளியில் தெரியும். மாற்று ஆட்டக்காரர்களின் சட்டையில் முதுகுப் பக்கம் மட்டும் துருக்கறை இருக்கும். அது இரும்பு பெஞ்சின் துரு. 22-ஆம் எண்ணில் அந்தத் துருவும் இருக்காது. அவர் இரண்டாவது கோல் காவலர். ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்ப்பார். அவருடைய பச்சைச் சட்டை கொடுத்தது போலவே மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அதையும் துவைத்தேன். பதிவேட்டில் பதினெட்டு என்றுதானே இருந்தது.

பாத்திரங்களுக்குப் பெயரே இல்லை. எண்கள்தான் வருகின்றன. ஏன்?

முதல் அத்தியாயத்துக்கு ஒரு பெயர் வைத்துத்தான் எழுதினேன். நெருங்கிய தோழி ஒருத்தி படித்துவிட்டு, "என் கணவரை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டாள். நான் அவரை நினைக்கவே இல்லை. பெயரை எடுத்துவிட்டேன். எண்ணாக மாற்றியபோதுதான் தெரிந்தது, எனக்கு அவர்கள் முதலில் எண்களாகத்தான் அறிமுகமானார்கள் என்று.

இருபத்தாறு அத்தியாயங்களில் நான்கே நான்கு ஆட்டங்கள். காற்பந்துக் கதையில் காற்பந்து எங்கே?

90 நிமிட ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது ஏறத்தாழ இரண்டு மூன்று நிமிடம்தான். மீதி நேரத்தில் ஓடுகிறார், நிற்கிறார், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறார், நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை நினைக்கிறார். நான் எழுதுவது அந்த மீதியை.

கடைசி நிமிட வெற்றிக் கோல் கிடையாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. ஈப்போவிலிருந்து ஓர் அம்மா, ஒன்றே ஒன்றாவது வைக்கக்கூடாதா என்று உருக்கமாகக் கேட்டிருந்தார். மனம் கேட்கவில்லை. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் 90-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வைத்தேன். எதிர்க்குழு போட்டது.

அதிகம் பேர் பாராட்டியது பதினான்காம் அத்தியாயத்தை. அதில் ஆட்டமே இல்லை, பினாங்குக்குப் போகும் பஸ் மட்டும். தாப்பா நிறுத்தத்தில் பொட்டல நாசி லெமாக், குளிரூட்டி ஒழுகும் இருக்கை, தேர்வுக் குறிப்புகளைக் கைவிளக்கில் படிக்கும் இரண்டாமாண்டுக்காரன். பட்டர்வொர்த் பக்கத்துப் பையன் ஒருவன் தைப்பிங் தாண்டியதிலிருந்து சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வருவான். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம் என்று எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் சொல்வான். 1998-இல் பினாங்கு லீக் வெற்றியாளரானபோது அவனைத் தாங்க முடியவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் அரங்கம் நிரம்பி வழிகிறது. உங்கள் திடலோரத்தில் மட்டும் ஏன் ஆளே இல்லை?

முதலில், அங்கே ஆடப்படுவது வேறு விளையாட்டு. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், பெரும்பாலும் கையால் ஆடுவது. 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். உயர்நிலைப்பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகாத யாரையும் அந்த நாட்டின் தொழில்முறை லீக் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே திறமைசாலிகள் எல்லோரும் கல்லூரி வழியாகத்தான் போயாக வேண்டும். 2021 முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கவும் செய்யலாம். அந்தக் கதைகளில் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு நேர்முகத் தேர்வு.

இங்கே நிலைமை தலைகீழ். காற்பந்தையே தொழிலாக்கிக்கொள்ளக் கூடியவர்களைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே பொறுக்கி எடுத்துவிடுவார்கள். 1996-இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி தொடங்கிய பிறகு அது இன்னும் தெளிவாகிவிட்டது. அந்தத் தேர்வில் விடுபட்டவர்கள்தான் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதிவிட்டுப் பூட்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பருவம், பிப்ரவரி மாதம்: தங்களுடைய கடைசி ஆட்டம் எப்போது என்பது அவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டே வாரத்தில் நான்கு மாலை ஓடினார்கள். நான் எழுத வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

ஆள் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. விடுதிச் சமையற்காரர் வருவார். இரண்டு பூனைகள் வரும்.

எத்தனையோ தமிழர்கள் நாட்டுக்காக ஆடியிருக்கிறார்கள். அந்தப் பெருமையை எழுதாமல், பிள்ளைகளைத் திட்டும் அப்பாக்களையே எழுதுகிறீர்களே?

பெருமை கதையில் இருக்கிறது. 22-ஆம் எண்ணின் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆர். ஆறுமுகத்தின் படம் மாட்டியிருக்கும். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட கோல் காவலர். 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில் இருந்தவர். சோவியத் ஒன்றியத்தின் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துபோனார். அந்த அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது எந்த இடத்தில் குரல் இறங்கும் என்று மகனுக்கு மனப்பாடம்.

ஆனால் அதே அப்பாதான் மகனின் பூட்ஸைக் கூரைமேல் எறிந்தவர். காரணம் இருந்தது. 1994, 1995-இல் ஆட்டங்களை விலைபேசிய விவகாரம் வெடித்தது. பல ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரங்கங்கள் காலியாயின. "மகன் காற்பந்து ஆடுகிறான்" என்று சொன்னால் பெண் வீட்டார் ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. அது அடங்குவதற்குள் 1997-இல் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது. தொழிற்சாலைகளில் மிகைநேர வேலையை நிறுத்தினார்கள். தோட்டத்தைவிட்டு நகரத்துக்கு வந்து, அடுக்குமாடியில் இரண்டறை வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பத்தில், படிக்கப் போன பையன் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் அந்த அப்பாவின் பக்கம். மகனின் பக்கமும்தான்.

ஒரே குழுவில் நோன்பும் தைப்பூச விரதமும் வரும் அத்தியாயம் கொஞ்சம் திட்டமிட்டு அமைத்ததுபோல் இருக்கிறதே?

திட்டமிட்டது நாட்காட்டி. அந்த ஆண்டுகளில் ரமலான் மாதம் டிசம்பர், ஜனவரியில் வந்தது. 48 நாள் விரதம் இருந்து தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களுக்கும் அதே நாட்கள். சாதாரண நாட்களில் பயிற்சி ஐந்து மணிக்குத் தொடங்கும். மக்ரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு முன், ஏழு மணிக்கெல்லாம் முடித்தாக வேண்டும். நான்கு மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டால் அன்று பயிற்சியே இல்லை. கோலாலம்பூர் மழைக்குக் காற்பந்து தெரியாது. நோன்பு மாதத்தில் மட்டும் எல்லாம் இரவுக்கு மாறும். தராவீஹ் என்னும் நோன்பு மாத இரவுத் தொழுகை முடிந்து, ஒன்பதரை மணிக்கு மேல், பாதி விளக்குகள் எரியாத திடலில் ஆடுவார்கள்.

வலப்புறத் தற்காப்பாளன் கிளந்தான் பையன். விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நோன்பு திறந்து, வயிறு கனத்து வந்திருப்பான். இடப்புறத்தவன் செந்தூலிலிருந்து வந்தவன். நண்பகலில் ஒரு வேளை சைவச் சாப்பாடு, அதோடு சரி. ஒருவனுக்கு ஓடினால் வாந்தி வரும், மற்றவனுக்கு ஓடினால் கண் இருட்டும். பயிற்றுநர் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, "இன்று நீங்கள் இருவரும் நடந்தால் போதும்" என்றார். அவர்கள் நடக்கவில்லை. இதில் நான் கூட்டியது ஒன்றுதான்: கதையில் வரும் பேரீச்சம்பழம். விரதக்காரன் வாளியில் தண்ணீர் கொண்டுவருவதுதான் நான் பார்த்தது.

பத்துமலையின் 272 படிகளை அவன் வெறுங்காலோடு ஏறி இறங்கிய மறுவாரம், கொப்புளத்தோடு பூட்ஸ் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டையில் துரு.

திடலில் இவ்வளவு இலக்கணமாக யாராவது பேசுவார்களா?

பேச மாட்டார்கள். திடலின் மொழி மலாய். 'ஜாகா' (பார்த்துக்கொள்), 'பெலாகாங்' (பின்னால்) என்று இரண்டு சொல்லுக்கு மேல் யாருக்கும் மூச்சு இருக்காது. பின்வரிசை நால்வரில் மூவர் தமிழர் என்பதால் அங்கே மட்டும் தமிழ் ஓடும். அதை ரகசிய மொழியாக வைத்துக்கொண்டு கார்னர் உதைகளில் திட்டம் போடுவார்கள். ஒரு முறை அப்படி உரக்கப் பேசி முடித்ததும், எதிர்க்குழுவின் சீன ஆட்டக்காரர் திரும்பி, "அண்ணா, நீங்கள் முன்னால் வருவீர்களா, இவர் வருவாரா? சரியாகக் கேட்கவில்லை" என்று நல்ல தமிழில் கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவராம். அந்தக் கார்னரில் கோல் விழவில்லை. சிரிப்பில் யாரும் எம்பிக் குதிக்கவே இல்லை. இதைக் கதையில் சேர்த்தபோது நம்பவே முடியாத காட்சி என்று மூன்று கடிதங்கள் வந்தன. நம்பாவிட்டால் போகட்டும்.

ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாமே? எட்டாம் அத்தியாயத்தில் மூன்று பேரோடு நிறுத்தியது பிழை அல்லவா?

பிழை அல்ல. அந்தக் காலத்தில் மூன்றுதான். ஐந்து என்பது நோய்த்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக வந்து 2022-இல் விதியாக நிலைத்தது. உண்மையான பிழை ஒன்றை யாரும் கவனிக்கவில்லை: 1997 செப்டம்பரில் புகைமூட்டம் கண்ணை எரித்துக்கொண்டிருந்த வாரத்தில் அவர்களை எல்.ஆர்.டி. ரயிலில் ஏற்றி பங்சாருக்கு அனுப்பியிருந்தேன். அந்தப் பாதை 1998-இல்தான் திறக்கப்பட்டது. இப்போது பஸ்ஸில் போகிறார்கள்.

காதல்?

இருக்கிறது. பத்து ரிங்கிட் தொலைபேசி அட்டை தீரும் வரை இருக்கிறது.

பெண்கள் எங்கே? சட்டை துவைக்க மட்டும்தானா?

குத்தியது இந்தக் கேள்வி. எங்கள் வளாகத்தில் அன்று பெண்களுக்குக் காற்பந்துக் குழு இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதும் இல்லை. துவைக்கும் வேலையை ஏன் ஓர் ஆணுக்குக் கொடுக்கவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்காத பெண்ணைக் கேட்டவளாக எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அடுத்த தொடரின் முதல் வரி ஒரு பெண் பந்தை உதைப்பதில் தொடங்கும், எழுதியாகிவிட்டது.

இதே கதை இன்று நடந்தால்?

கொஞ்சம் மாறும். கல்விக் கடனை வைத்திருப்பவன் முதல் வகுப்பில் தேறினால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்ற சலுகை இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மாலையையும் அவன் ரிங்கிட்டில் கணக்குப் பார்ப்பான். பல்கலைக்கழகக் குழு என்றால் முற்றுப்புள்ளி என்றும் இப்போது சொல்லிவிட முடியாது. யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் குழு 2020-இல் நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கிலேயே ஆடியது. என் பையன்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பியிருப்பார்கள். வயிறு சரிந்தவர்கள் வாடகை ஃபுட்சால் தளத்தில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு இரண்டு நாள் நொண்டுவார்கள்.

நானும் என் வளாகத்தைப் பற்றி எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

மாலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு திடலோரத்தில் போய் உட்காருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். கடினம்தான், கண் தானாகப் போகும். பெஞ்சில் இருப்பவர்களின் கால்களைப் பாருங்கள். இறங்குவோம் என்று நம்புகிறவன் பூட்ஸின் நாடாவைக் கட்டியிருப்பான். மற்றவன் தளர்த்தியிருப்பான். எழுபதாவது நிமிடம் தாண்டும்போது கட்டியவனின் கை மெதுவாகக் கீழே போகும். அந்தக் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடிந்தால் மேலே போங்கள்.

எழுதியதை வளாகத்தில் இருந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். சாப்பாட்டு விலையைத் தப்பாக எழுதியிருந்தால் அவர் முதலில் அதைத்தான் சொல்வார். சொல்லட்டும்.

22-ஆம் எண் கடைசி வரை ஆடவே இல்லையா?

இந்தத் தொடரில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. கதையில் அந்த இடம் இன்னும் வரவில்லை. நடந்ததை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆடினார். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில், கடைசி ஆட்டத்தில், பதினொரு நிமிடம். நாங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம், எந்தக் கிண்ணமும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. முதல் காவலருக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. இவர் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினார். திடலின் பாதிவரைதான் ஓடினார், பிறகு நடந்தார். அவசரப்பட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுபோல் இருந்தது. பந்து இரண்டு முறை அவரிடம் வந்தது. ஒன்று கோலுக்கு மேலே போனது. இன்னொன்று தரையோடு உருண்டு வந்தது, பத்து வயதுப் பிள்ளையும் பிடித்துவிடும். அதன் மேல் முழு உடம்போடு விழுந்து, மார்போடு அணைத்துக்கொண்டு, நடுவர் விசில் ஊதும் வரை எழுந்திருக்கவில்லை. அன்று மதியம் மழை பெய்திருந்தது.

இரவு வாளியில் பதினேழு சட்டைகள்தான் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். பதிவேட்டில் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.